ஹலோ: கிரஹாம் பெல்லோட காதலி பேரா, படகுக்காரனைக் கூப்பிட்ட கூச்சலா?

மலைக்கோட்டை மணி | திங்கள், இரவு 9.12

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அது நேத்து மறுபடியும் வந்துடுச்சு. வருஷத்துக்கு மூணு தடவையாவது வரும், திருவிழா மாதிரி. "டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லின் காதலி பெயர் மார்கரெட் ஹலோ. முதல் போனில் அவர் அழைத்தது அவளைத்தான். உலகம் பெல்லை மறந்தாலும் அவர் காதலியின் பெயரைத் தினமும் சொல்கிறது." கீழே ரெண்டு ரோஜாப்பூ, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பொண்ணோட பழைய போட்டோ.

பெரியப்பா "அருமை"ன்னு போட்டார். நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம "இது சுத்தப் புருடா பெரியப்பா"ன்னு போட்டேன். உடனே அவர், "அப்ப ஹலோன்னா என்ன அர்த்தம்? நீதான் இங்கிலீஷ் மீடியம் படிச்சவனாச்சே, சொல்லு"ன்னு கேட்டுட்டார். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்ற வார்த்தை. அர்த்தம் சத்தியமா தெரியலை. குரூப்ல முப்பத்தெட்டு பேர் வேடிக்கை பாத்துட்டு இருக்காங்க. யாராவது காப்பாத்துங்கப்பா.

சொல்லேர் | திங்கள், இரவு 9.40

மணி, பெரியப்பாவுக்கு முதல்ல இதைச் சொல்லுங்க. பெல் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க பேர் மேபல் ஹப்பர்ட். அவர்கிட்ட படிச்ச மாணவி. அஞ்சு வயசுல ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து ரெண்டு காதும் கேக்காம போனவங்க. பெல் அப்ப பாஸ்டன்ல காது கேளாதவங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துட்டு இருந்தார். அவரோட அம்மாவுக்கும் காது சரியா கேக்காது. 1877 ஜூலைல கல்யாணம். அந்த வாரம்தான் பெல் டெலிபோன் கம்பெனியும் ஆரம்பிச்சது. தன் கம்பெனிப் பங்குகள்ல பத்தே பத்தை மட்டும் கையில வச்சுக்கிட்டு, மிச்சம் அத்தனையையும் கல்யாணப் பரிசா மேபல் பேருக்கு எழுதி வச்சுட்டார்.

யோசிச்சுப் பாருங்க. போனைக் கண்டுபிடிச்ச மனுஷன் போன் போட்டு என்ன சொல்லியிருந்தாலும் அவர் பொண்டாட்டிக்குக் கேட்டிருக்காது. ஃபார்வர்டு எழுதினவருக்கு இந்த உண்மைக் கதை தெரிஞ்சிருந்தா ரோஜாப்பூ நாலா போட்டிருப்பார்.

முதல் போன் பேச்சு 1876 மார்ச் 10-ம் தேதி. அடுத்த ரூம்ல இருந்த உதவியாளர் வாட்சனைத்தான் பெல் கூப்பிட்டார்: மிஸ்டர் வாட்சன், இங்க வாங்க, உங்களைப் பாக்கணும். அவ்வளவுதான். அதுல ஹலோவும் இல்லை, மார்கரெட்டும் இல்லை.

வெண்ணிலா | திங்கள், இரவு 9.51

பாவம் அந்த மார்கரெட். பத்து வருஷமா நான் அவங்களை நம்பிட்டு இருந்தேன்.

குமரிமைந்தன் | திங்கள், இரவு 10.05

எல்லாரும் வெள்ளைக்காரன் சொன்னதையே சொல்றீங்க. நம்ம படகுக்காரங்க ஆயிரம் வருஷமா என்ன பாடுறாங்க? ஏலேலோ! வணிகம் பண்ணப் போன தமிழ் மாலுமிகள் வாயில இருந்து ஐரோப்பியன் எடுத்துக்கிட்ட சொல் அது. ஏலேலோ, எலோ, ஹலோ. கண்ணுக்கு முன்னாடி இருக்கு.

சொல்லேர் | திங்கள், இரவு 10.30

குமரிமைந்தன் ஐயா, கோபிக்காதீங்க. காதுக்கு ஒரே மாதிரி கேட்டா உறவுன்னு சொன்னா, மலையாளத்துல "அல்லோ" இருக்கு, அதையும் சேத்துக்க வேண்டியதுதான். ஒரு சொல் எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்க, அது எழுத்துல எந்த வருஷம் எந்த வடிவத்துல இருந்துச்சுன்னு பின்னாடி நடந்து போய்ப் பாக்கணும்.

ஹலோங்கிற இந்த எழுத்துக்கூட்டல் அமெரிக்க அச்சுல 1820-கள்ல தட்டுப்படுது. அதுக்கு முன்னாடி ஹல்லோ, ஹுல்லோ, ஹொல்லோ, ஹலூ, ஹொல்லான்னு ஒரு கூட்டமே இருக்கு. எல்லாமே கத்திக் கூப்பிடற சத்தம். இங்கிலாந்துல நரி வேட்டைக்குப் போறவன் வேட்டை நாய்களை ஏவி விட ஹலூன்னு கத்துவான். புதர்ல இருந்து நரி வெளிய வந்ததும் அதை முதல்ல பாத்தவன் போடற கூச்சலுக்கே "வியூ ஹலூ"ன்னு பேரு. இன்னும் பின்னாடி போனா பழைய ஜெர்மன்ல "ஹலா", "ஹொலா"ன்னு ஒரு ஏவல் வினை. கொண்டா, இட்டுட்டு வான்னு அர்த்தம். அது அதிகமா எங்க புழங்குச்சுன்னு அகராதிக்காரங்க சொல்றாங்க தெரியுமா? ஆத்தங்கரைல நின்னுக்கிட்டு அக்கரைல இருக்கிற படகுக்காரனைக் கூப்பிட!

அதனால படகுக்காரன் விஷயத்துல மட்டும் உங்களுக்கு அரை மார்க். அது ஜெர்மன் பக்கத்துப் படகுக்காரன், நம்ம ஏலேலோ இல்லை.

குமரிமைந்தன் | திங்கள், இரவு 10.34

அரை மார்க் வாங்கிக்கிறேன்.

தஞ்சாவூர் டிரங்க் போர்டு | செவ்வாய், காலை 6.15

வணக்கம். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தொலைபேசித் துறையில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ்நாட்டின் இரண்டு சின்ன ஊர்களிலும் ஒரு பெரிய ஊரிலும் டிரங்க் போர்டில், அதாவது வெளியூர் அழைப்புகளை இணைக்கும் பலகையில், உட்கார்ந்தவன்.

சொல்லேர் வேட்டைக்காரனோடு நிறுத்திவிட்டார். அந்தக் கூச்சல் டெலிபோனுக்குள் எப்படி வந்தது என்பதுதான் எங்கள் தொழிலைச் சேர்ந்த கதை.

ஆரம்பகால டெலிபோனில் மணி கிடையாது. இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு கம்பி, எந்நேரமும் திறந்தே கிடக்கும் லைன். அந்தப் பக்கத்து ஆளைக் கருவிக்கு அருகில் வரவழைப்பது எப்படி? வாட்சன் கருவியைப் பென்சிலால் தட்டிக்கூடப் பார்த்தார். பெல்லுக்குப் பிடித்த சொல் "அஹோய்". கப்பல்காரர்கள் இன்னொரு கப்பலைக் கூப்பிடும் சொல் அது. கடைசிவரை அவர் போனில் அதைத்தான் சொன்னார் என்பார்கள்.

எடிசன் வேறு மாதிரி யோசித்தார். 1877 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் தந்திக் கம்பெனி நடத்திவந்த டேவிட் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தனியாக அழைப்பு மணி தேவைப்படாது, ஹலோ என்று சொன்னால் பத்து இருபது அடி தள்ளிக் கேட்கிறது, நீர் என்ன நினைக்கிறீர் என்று நாலே வரி. கருவி செய்ய ஏழு டாலர்தான் ஆகும் என்று பின்குறிப்பு. டெலிபோனுக்கு ஹலோ என்ற யோசனை எழுத்தில் நமக்குக் கிடைப்பது அங்கேதான். அந்தக் கடிதத்தை ஏ.டி.அண்டு.டி. என்ற அமெரிக்க டெலிபோன் கம்பெனியின் பழைய ஆவணங்களுக்குள் தேடி எடுத்தவர் ப்ரூக்லின் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஆலன் கோனிக்ஸ்பெர்க். எடிசனுக்கும் சின்ன வயதிலிருந்தே காது மந்தம். இந்தக் கதையில் யாரைத் தொட்டாலும் காது கேட்காதவராகவே இருக்கிறார்கள், பாருங்கள்.

அந்தப் பத்து இருபது அடி என்பதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது நம் "கூப்பிடு தூரம்". எங்கள் தாத்தா ஊர் வழி சொல்லும்போது மைல் கணக்கு சொல்லமாட்டார். "ரெண்டு கூப்பிடு தூரம் இருக்கும்" என்பார். எடிசன் அளந்ததும் அதைத்தான். என்ன, அவர் கூப்பிடு தூரம் ஓர் அறைக்குள் அடங்கிவிட்டது.

1878 ஜனவரி 28-ல் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் முதல் வணிக எக்ஸ்சேஞ்ச், அதாவது பல போன்களை ஒன்றோடொன்று இணைக்கும் நிலையம், திறந்தார்கள். ஜார்ஜ் காய் என்பவர் அமைத்தது. அந்தப் போர்டை அவர் வண்டிச் சக்கர போல்ட்டுகளையும், டீ பாத்திர மூடிக் கைப்பிடிகளையும், பெண்கள் பாவாடை விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கம்பியையும் வைத்துச் செய்ததாகச் சொல்வார்கள். நம்ம ஊர் மெக்கானிக் தோற்றுப்போவார். அந்த வருஷக் கடைசியில் சந்தாதாரர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுத்தார்கள். பேச்சைத் தொடங்கும்போது "ஹுல்லோவா" என்று சொல்லுங்கள், முடிக்கும்போது "தட் ஈஸ் ஆல்" என்று சொல்லுங்கள் என்று அதில் சொல்லிக்கொடுத்திருந்தது. முதலாவது நிலைத்துவிட்டது, இரண்டாவது செத்துவிட்டது. நாமும் "அவ்வளவுதான், வெச்சுடட்டா" என்றுதானே முடிக்கிறோம்!

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்கு 1881-ல் அனுமதி கொடுத்தார்கள். 1882 ஜனவரி 28-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை எக்ஸ்சேஞ்சுகளை முறைப்படித் திறந்தார்கள். நியூ ஹேவன் திறந்து சரியாக நாலு வருஷம், அதே தேதி. கருவியோடு சேர்ந்து ஹலோவும் கப்பலேறி வந்து சென்னையில் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை மணி | செவ்வாய், காலை 7.02

ஐயா, இது ஒண்ணு போதும், பெரியப்பா ஆஃப். ஒரே ஒரு கேள்வி. நீங்க போர்டுல உக்காந்து ஹலோன்னா சொல்வீங்க?

தஞ்சாவூர் டிரங்க் போர்டு | செவ்வாய், காலை 7.40

நல்ல கேள்வி தம்பி. நாங்கள் ஹலோ சொல்வது குறைவு. போர்டில் லேம்ப் எரியும், கார்டு என்ற வயரை எடுத்து ஜாக் என்ற துளையில் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்போம். டிரங்க் என்றால் "டிரங்க்ஸ்". ஹலோ என்பது சந்தாதாரரின் சொல். எங்களுக்கு அது லைனைச் சோதிக்கும் கருவி.

எப்படி என்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் டிரங்க் கால் மூன்று வகை: ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். சாவுச் செய்தி என்றால் காசைப் பார்க்காமல் லைட்னிங் போடுவார்கள். பி.பி. கால் என்று இன்னொன்று, குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேச்சு. நடுவில் நாலு எக்ஸ்சேஞ்ச் தாண்டி லைன் போகும். மதுரை ஆப்பரேட்டர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். "ஹலோ மதுரை, ஹலோ மதுரை" என்று கூப்பிடுவோம். அந்த "லோ"வை இழுத்தால்தான் இரைச்சலுக்கு மேலே வரும். "வணக்கம் மதுரை" என்று சொல்லிப்பாருங்கள். கடைசியில் "ம்" வந்து வாயை மூடிவிடுகிறது. குரல் அங்கேயே செத்துவிடும். ஹலோ திறந்த வாயோடு முடிகிறது. ஆத்தங்கரையில் நின்று கூப்பிடுகிறவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

ஒருநாள் ராத்திரி டியூட்டி. ஒரு கிராமத்து பி.சி.ஓ.விலிருந்து (பொது டெலிபோன் கடை) ஓர் அம்மா, பம்பாயிலிருக்கும் மகனுக்கு பி.பி. கால் புக் பண்ணிவிட்டுக் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டரை மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. அந்தப் பக்கம் பையன் "ஹலோ" என்கிறான். இந்த அம்மாவும் "அலோ" என்கிறார். அவன் "ஹலோ அம்மா". இவர் "அலோ". இப்படியே இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் கேட்கிறது, ஆனால் அவர்களுக்கு ஒருவர் குரல் மற்றவருக்குச் சரியாக விழவில்லை. நான் நடுவில் புகுந்து, "அம்மா, பையன் நல்லா இருக்காராம், பணம் அனுப்பிட்டாராம், பொங்கலுக்கு வர்றாராம்" என்றும், அவனிடம் "அம்மா நல்லா இருக்காங்க" என்றும் சொன்னேன். மூன்று நிமிஷம் முடிந்தது. வெளியே வந்த அந்த அம்மா பி.சி.ஓ.காரரிடம், "எம்மவன் குரலைக் கேட்டுட்டேன்யா" என்று சொன்னாராம். மறுநாள் அவர்தான் என்னிடம் சொன்னார். அந்த அம்மா கேட்டது என் குரல்.

வெண்ணிலா | செவ்வாய், காலை 8.10

சார், ஆபீஸ் பஸ்ல உக்காந்து அழ வச்சுட்டீங்க.

வடமராட்சியான் | செவ்வாய், மதியம் 1.25

ஐயா, அருமையான கதை. எங்கட பக்கமும் "ஹலோ, ஆர் கதைக்கிறது?" எண்டுதான் துவங்கும். ஆனா சொல்லேருக்கு ஒண்டு சொல்லவேணும். "அல்லோ"வுக்கு மலையாளம் மட்டும் போக வேண்டாம். நாங்கள் "எல்லோ" எண்டு சொல்லுவம், "அல்லவா" எண்ட மாதிரி, "நான் அப்பவே சொன்னனானெல்லோ" எண்டு. எங்கட அப்பாச்சி போனை எடுத்து "ஹலோ" எண்டு கேட்டா, பிழையாய் விளங்கி "ஓமெல்லோ" எண்டு பதில் சொல்லுவா.

என்ர மச்சாள் பாரிஸில இருக்கிறா. அவ சொன்ன ஒரு விசயம்: பிரெஞ்சுக்காரர் போனில மட்டும்தான் "அலோ" எண்டு சொல்லுவினம். ஆளை நேரில கண்டு "அலோ" எண்டு சொன்னா, காதில போன் வச்சிருக்கிறியோ எண்டு பாப்பினமாம். நேரில பொன்ஜூர்தான். அண்ணர் ஜெர்மனியில. அங்க நிறையப் பேர் போனை எடுத்து நேர தங்கட குடும்பப் பேரைச் சொல்லுவினம். அவர் முதல் வேலைக்குப் போன புதுசில, "ஹலோ" எண்டு எடுத்தவருக்கு, பேரைச் சொல்லு எண்டு முதலாளி பேச்சாம்.

சொல்லேர் | செவ்வாய், மதியம் 1.50

வடமராட்சியான், இதைத்தான் நானும் எழுத நினைச்சேன். ஜப்பான்காரர் போன்ல "மொஷி மொஷி" (சொல்றேன், சொல்றேன்னு வச்சுக்கலாம்). இத்தாலிக்காரர் "ப்ரோந்தோ", அதாவது தயார். மெக்சிகோவுல "புவேனோ", நல்லதுன்னு அர்த்தம். சீனர் "வேய்".

எனக்கு ரொம்பப் பிடிச்சது செக் நாடு. கடலே இல்லாத நாடு அது. ஆனா அங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்தா சொல்றது "அஹோய்". பெல் உலகத்துக்கே கொடுக்க நினைச்சு யாரும் வாங்காத கப்பல்காரன் சொல்லு, கடைசியில கப்பலே வராத ஊர்ல குடியிருக்குது. பெல்லுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, அது தனி வழியில போனது. ஆனாலும் நினைச்சா சிரிப்பு வருது.

தென்றல் அக்கா | செவ்வாய், மாலை 5.30

எல்லாம் சரி. யாரும் ஒரு முக்கியமான விஷயத்தைத் தொடவே இல்லையே. தமிழ்ல நாம ஹலோவை எங்க சொல்றோம்? இங்கிலீஷ்காரன் நேர்ல பாத்ததும் சொல்ற மாதிரி நாம சொல்றது கொஞ்சம்தான். பக்கத்து வீட்டு அக்காவைப் பாத்து "ஹலோ அக்கா"ன்னா சொல்றோம்? "என்னக்கா, சாப்டாச்சா?"

நமக்கு ஹலோ ரெண்டு இடத்துக்கு. ஒண்ணு போன். இன்னொண்ணு சண்டை.

போன வாரம் மின்சார ஆபீஸ்ல பில் கட்ட வரிசையில நிக்கிறேன். எனக்கு முன்னாடி எட்டுப் பேர். ஒருத்தர் வெள்ளைச் சட்டை, கையில சாவிக்கொத்தைச் சுத்திக்கிட்டே நேரா கவுண்டருக்குப் போய் கையை உள்ள விட்டார். நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "ஹலோ!" அவ்வளவுதான். எட்டுப் பேரும் திரும்பினாங்க, அவரும் திரும்பினார். "சில்லறை கேக்கத்தான்"னு முணுமுணுத்துட்டுப் பின்னாடி போயிட்டார். அதே இடத்துல நான் "ஏங்க"ன்னு சொல்லியிருந்தா கேட்டிருக்கவே மாட்டார். "ஏய்"னு சொல்லியிருந்தா சண்டை ஆகியிருக்கும். "சார்"னு சொல்லியிருந்தா கெஞ்சின மாதிரி. ஹலோல மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. ஆனா குச்சியால தட்டின மாதிரி ஆளு நிப்பாங்க.

இதே ஹலோவைத் தெருவுல முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் ஒரு பொண்ணைப் பாத்துச் சொன்னா அது வேற. "ஹலோ மேடம்"னு பின்னாலயே வர்றவனை எல்லாப் பொண்ணுக்கும் தெரியும். அதுக்குப் பதிலும் ஹலோதான், ஆனா "லோ"வை இறக்காம ஏத்திச் சொல்லணும். "ஹலோ? என்ன வேணும்?" அங்கயே நின்னுடுவான்.

சொல்லேர் | செவ்வாய், மாலை 6.15

அக்கா, இந்த இழையிலேயே பெரிய விஷயத்தை நீங்கதான் சொல்லியிருக்கீங்க. நான் அகராதியைப் புரட்டிட்டு இருந்தேன், நீங்க மின்சார ஆபீஸ்ல கண்டுபிடிச்சுட்டீங்க.

டெலிபோனுக்கு முன்னாடி இங்கிலீஷ்ல ஹலோ பெரும்பாலும் வணக்கம் சொல்ற வார்த்தையா இல்லை. முக்கியமா ரெண்டு வேலைதான் அதுக்கு. ஒண்ணு, இங்க பாருன்னு தூரத்துல இருக்கிறவனைத் திருப்பறது. ரெண்டு, ஆச்சரியம். நம்ம "அட!", "இதென்னடா!" மாதிரி. இங்கிலாந்துல பழைய போலீஸ்காரனைக் கேலி பண்றவங்க "ஹலோ ஹலோ ஹலோ, இங்க என்ன நடக்குது"ன்னு சொல்றது அந்த மிச்சம். ஒருத்தரைப் பாத்தா அவங்க சொன்னது குட் மார்னிங், குட் டே, இல்லைன்னா ஹவ் டூ யூ டூ. டெலிபோன் வந்த பிறகுதான், தினமும் நூறு தடவை சொல்லிச் சொல்லி, கூச்சலா இருந்தது கும்பிடா மாறுச்சு.

நாம அந்தச் சொல்லை டெலிபோன் கூடவே வாங்கினோம். கும்பிடு நமக்குத் தேவைப்படலை, வணக்கம் இருக்கு, வாங்க இருக்கு, சாப்டாச்சா இருக்கு. அதனால அதுல இருந்த பழைய கூச்சலை மட்டும் எடுத்துக்கிட்டோம். நம்ம மைக் செட்காரர் திருவிழாவுல "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ"ங்கிறதும், லைன் கட்டாகும்போது "ஹலோ... ஹலோ... கேக்குதா?"ன்னு கேக்கறதும், நீங்க கவுண்டர்ல போட்ட ஹலோவும் ஒரே சாதி. ஐயா டிரங்க் போர்டுல பண்ணினதும் அதேதான். இங்கிலீஷ்காரன் மறந்துட்ட வேட்டைக்காரன் ஹலோவை மின்சார ஆபீஸ் வரிசையில நீங்க உயிரோட வச்சிருக்கீங்க.

கீபோர்டு குமார் | செவ்வாய், இரவு 8.00

எங்க தொழில்லயும் அது டெஸ்டிங்தான் சார். புது கம்ப்யூட்டர் மொழி எது கத்துக்கிட்டாலும் முதல் புரோகிராம் "ஹலோ, வேர்ல்டு"ன்னு திரையில எழுத வைக்கிறது. அது யாருக்கும் வணக்கம் சொல்றதில்லை. வேலை செய்யுதா இல்லையான்னு பாக்கறது, மைக் டெஸ்டிங் மாதிரி. அந்த வழக்கத்தை ஆரம்பிச்சு வச்சது பிரையன் கெர்னிகன், 1970-கள்ல. அவர் வேலை பாத்த இடம் எது தெரியுமா? பெல் லேப்ஸ். கடைசிவரை ஹலோ சொல்லாத மனுஷன் பேர்ல இருக்கிற லேப்.

வெண்ணிலா | செவ்வாய், இரவு 8.04

குமார், இதை பெல்லுக்கு யாராவது போன் பண்ணிச் சொல்லுங்க.

தென்றல் அக்கா | செவ்வாய், இரவு 9.10

ஆப்பரேட்டர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. பழைய போட்டோல எல்லாம் போர்டு முன்னாடி பொண்ணுங்களாவே உக்காந்திருக்காங்களே, ஏன்?

தஞ்சாவூர் டிரங்க் போர்டு | புதன், காலை 6.05

அம்மா, முதலில் அமெரிக்காவில் தந்தி ஆபீஸ் பையன்களைத்தான் உட்கார வைத்தார்கள். அவர்கள் சந்தாதாரர்களைத் திட்டுவதும் லைனை மாற்றிப் போட்டு விளையாடுவதுமாக இருந்தார்கள். 1878 செப்டம்பர் 1-ல் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். முதல் பெண் ஆப்பரேட்டர் அவர்தான். சந்தாதாரர்களுக்குப் பிடித்துப்போனது, கம்பெனிக்குச் சம்பளமும் மிச்சம். சுமார் பத்து வருஷத்தில் "ஹலோ கேர்ள்" என்ற பேரே வந்துவிட்டது.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை பிரான்ஸுக்குப் போனபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்த பெண் ஆப்பரேட்டர்களை இருநூறு பேருக்கு மேல் கூட்டிப்போனார்கள். சீருடை உண்டு, பட்டாளத்து உறுதிமொழி உண்டு, குண்டு விழும் இடத்துக்கு அருகில் டியூட்டி உண்டு. போர் முடிந்து ஊர் திரும்பியதும், நீங்கள் சிப்பாய்களே இல்லை, சிவிலியன் ஊழியர்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்து 1977-ல்தான் கிடைத்தது. அதற்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களையும் "ஹலோ கேர்ள்ஸ்" என்றுதான் சொல்கிறார்கள். செல்லப்பெயர் வைப்பதில் காட்டிய வேகத்தைப் பென்ஷனில் காட்டவில்லை. எங்கள் தொழிலில் இது ஒன்றும் புதிதல்ல.

குமரிமைந்தன் | புதன், காலை 10.20

ஒத்துக்கிறேன், ஏலேலோ இல்லை. ஆனா இப்ப என் கேள்வி வேற. நமக்கு வணக்கம் இருக்கும்போது போன்ல எதுக்கு ஹலோ? மஹாராஷ்டிரால 2022 அக்டோபர் 2-ல இருந்து அரசு ஊழியர்கள் போன்ல ஹலோவுக்குப் பதிலா வந்தே மாதரம் சொல்லணும்னு அரசாணையே போட்டாங்களே. நாம ஏன் வணக்கத்துக்குப் போடக் கூடாது?

சொல்லேர் | புதன், காலை 11.00

போடலாம். ஆனா ஆணை போட்டு மாத்தின கதைகளோட கதி தெரியுமா? அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல கிளீபெர்க்னு ஒரு கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி. அங்க ஒருத்தர், ஹலோக்குள்ள "ஹெல்" இருக்கு, அதாவது நரகம், அதனால "ஹெவன்-ஓ"ன்னு சொல்லணும்னு கிளம்பினார். 1997-ல கவுண்டி நிர்வாகமே அதை அதிகாரபூர்வ வாழ்த்தா தீர்மானம் போட்டு ஏத்துக்கிச்சு. ஹலோவுக்கும் ஹெல்லுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கடைசில ஹெவன்-ஓவும் ஊர் வாய்ல ஒட்டலை.

நான் போன்ல வணக்கம்தான் சொல்றேன், ஆணை எதுவும் இல்லாமலே. அந்தப் பக்கம் இருக்கிறவர் ஒரு நொடி யோசிச்சு "வணக்கங்க"ன்னு சொல்றார். லைன் சரியில்லைன்னா ரெண்டு பேருமே ஹலோவுக்குத் திரும்பிடறோம்.

வடமராட்சியான் | புதன், மதியம் 12.10

எங்கட வானொலியில "வணக்கம்" எண்டு துவங்குவினம், லைன் வெட்டுப்பட்டா "ஹலோ, ஹலோ, நேயரே" எண்டு கூப்பிடுவினம். சொல்லேர் சொல்லுறது சரி.

மட்டுறுத்துநர் | புதன், மதியம் 12.30

குமரிமைந்தன், நீங்க தனிச்செய்தில அனுப்பின "ஹாய்" ஆராய்ச்சிக்குத் தனி இழை திறங்க. இங்க வேண்டாம்.

மலைக்கோட்டை மணி | வியாழன், இரவு 10.45

எல்லாருக்கும் நன்றி. நீங்க சொன்னதை எல்லாம் சுருக்கி, மேபல் ஹப்பர்ட், காது கேக்காதது, பங்குகளை எழுதி வச்சது, எடிசன் கடிதம், எல்லாத்தையும் அழகா டைப் பண்ணிப் போன ராத்திரி குரூப்ல போட்டேன். பெரியப்பா ஒரு மணி நேரம் ஆன்லைன்ல இருந்தார், பதிலே இல்லை. ஜெயிச்சுட்டோம்னு தூங்கிட்டேன்.

இன்னிக்குச் சாயங்காலம் அத்தையோட ஆன்மிக குரூப்ல இருந்து இது வந்திருக்கு: "டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லின் மனைவி பெயர் மேபல் ஹலோ. அவருக்குக் காது கேட்காது. ஆனாலும் பெல் தினமும் போனில் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். உண்மைக் காதல் காதால் கேட்பதல்ல."

ரோஜாப்பூ நாலு.

சொல்லேர் | வியாழன், இரவு 10.52

நாலுன்னு நான் சொன்னேனா இல்லையா.